முத்திரையிட்ட நகலை வாங்கி வையுங்கள்

தமிழ்நாட்டில் ஒரு மாவட்ட நீதிமன்றத்தின் நகல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது மகளோடு கலிஃபோர்னியாவில், சான் ஹோசே பக்கம் இருக்கிறேன். கோர்ட்டில் இருந்தவர் என்று தெரிந்ததும் கோயிலிலும் பூங்காவிலும் நம் ஊர்க்காரர்கள் ஒதுக்குப்புறமாக வந்து பேசுவார்கள். "பையனும் மருமகளும் பிரிஞ்சுட்டாங்க சார், ஊர்ல யாருக்கும் சொல்லல" என்று குரல் தாழும். நான் காரணம் கேட்பதில்லை. "கவுண்டியில தீர்ப்பு வாங்கியாச்சா? நகல் கையில இருக்கா?" என்று கேட்பேன். பல பேருக்குப் பதில் தெரியாது.

வேதனையில் இருப்பவரிடம் காகிதத்தைப் பற்றிக் கேட்கிறாரே என்று சிலருக்கு மனம் சுருங்கும். ஆனால் நான் பார்த்தவரை, மணமுறிவில் ஒரு முறை அழுது தீர்ந்துபோகிற துக்கத்தைவிட, கூச்சப்பட்டு எழுத்து வேலையைத் தள்ளிப்போட்டதால் வரும் துக்கம்தான் நெடுநாள் நிற்கிறது.

அமெரிக்காவில் விவாகரத்து மாநிலச் சட்டப்படி நடப்பது. நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு கிடையாது. மனு, சம்மன், தீர்ப்பு எல்லாம் அந்தந்தக் கவுண்டியின், அதாவது நம்மூர் மாவட்டம் போன்ற பகுதியின், நீதிமன்றத்தில்தான் கிடக்கும். கலிஃபோர்னியாவில் அது கவுண்டி சுப்பீரியர் கோர்ட். டெக்சாஸில் மாவட்டக் கிளார்க்கிடம் கேட்க வேண்டும். நியூயார்க்கில் கவுண்டிக் கிளார்க்கிடம் இருக்கும். ஆனால் அங்கே சம்பந்தப்பட்ட இருவரும் அவர்களுடைய வக்கீல்களும் தவிர, கோர்ட் உத்தரவு இல்லாமல் வேறு யாரும் கோப்பைப் பார்க்க முடியாது. கலிஃபோர்னியாவில் பொதுவாக எவரும் நேரில் போய்ப் பார்க்கலாம். மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையில் கேட்டால் கிடைக்காதா என்பார்கள். அங்கே 1962 முதல் 1984 ஜூன் வரையிலான விவாகரத்துகளுக்கு மட்டும், இப்படி ஒரு வழக்கு நடந்தது என்று ஒரு சான்று தருவார்கள். அது தீர்ப்பு நகல் ஆகாது.

சில காலம் முன்பு ஒரு பெண் வந்தாள். மறுமணம் பேசியிருக்கிறார்கள், முதல் கல்யாணம் முடிந்துபோனதற்கான தாள் வேண்டும். நாங்கள் இருக்கும் சாந்தா கிளாரா கவுண்டியில் தேடினால் அவள் பெயரே வரவில்லை.

"மனுப் போட்டப்ப எங்கம்மா குடியிருந்தீங்க?"

"ஃப்ரீமாண்ட்ல, அங்கிள்."

ஃப்ரீமாண்ட் பக்கத்து ஊர்தான், ஆனால் அலமீடா கவுண்டி. அங்கே வழக்கு எண் கிடைத்தது. கோப்பில் மனு இருந்தது, சம்மன் சார்வு ஆனதற்கான, அதாவது எதிர்தரப்புக்குச் சேர்ப்பிக்கப்பட்டதற்கான, படிவம் இருந்தது, தீர்ப்பு மட்டும் இல்லை. இருவரும் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டதோடு நிறுத்திவிட்டார்கள். ஆறு மாதம் போனால் தானாக விவாகரத்து ஆகிவிடும் என்று யாரோ சொன்னதை நம்பியிருக்கிறார்கள். சம்மன் சார்வான நாளிலிருந்து, அல்லது எதிர்தரப்பு வழக்கில் முன்னிலையான நாளிலிருந்து, ஆறு மாதம் ஆகாமல் விவாகரத்து அமலாகாது என்பதுதான் சட்டம். ஆறு மாதம் ஆனால் போதும் என்று எங்கும் சொல்லவில்லை. எஃப்எல்-180 என்ற தீர்ப்புப் படிவத்தில் நீதிபதி கையெழுத்து விழ வேண்டும். மண உறவு முடியும் தேதி அதில் குறிக்கப்பட்டிருக்கும். அந்தத் தேதி இல்லாதவரை அவள் இன்னொருவரின் மனைவிதான். நல்லவேளை, கல்யாணத்துக்குத் தேதி குறிப்பதற்கு முன்பே தெரிந்தது. மீதிப் படிவங்களைத் தாக்கல் செய்து தீர்ப்பு வாங்கினாள்.

இப்போது மனுப் போட இருப்பவர்களுக்கு. கலிஃபோர்னியாவில் இருவரில் ஒருவராவது மாநிலத்தில் ஆறு மாதமும், மனுப் போடும் கவுண்டியில் மூன்று மாதமும் குடியிருந்திருக்க வேண்டும். டெக்சாஸில் மாநிலத்தில் ஆறு மாதம், கவுண்டியில் 90 நாள். கல்யாணம் மதுரையில் நடந்ததா மாயவரத்தில் நடந்ததா என்பது இங்கே மனுப் போடத் தடையில்லை. கட்டணம் கட்ட வசதி இல்லாதவர்கள் தள்ளுபடி கேட்கலாம். கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு கவுண்டி கோர்ட்டிலும் சுய உதவி மையம் உண்டு. படிவம் நிரப்பக் காசு வாங்காமல் வழிகாட்டுவார்கள். உங்கள் பக்கம் வாதாட மாட்டார்கள். சொத்தும் குழந்தையும் இருந்தால் வக்கீல் வையுங்கள், அதில் சிக்கனம் வேண்டாம்.

பெற்றோர் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். 1969-இல் ஆளுநர் ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் 1970 ஜனவரி முதல் கலிஃபோர்னியாவில் நடப்புக்கு வந்தது. அன்றிலிருந்து யார் மேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. சமரசமாக முடியாத வேறுபாடு என்று ஒருவர் சொன்னால் போதும். நீதிபதி முன்னால் மருமகனின் குற்றங்களை அடுக்கிவிட வேண்டும் என்று ஊரிலிருந்து விமானம் ஏறி வருகிறவர்களை எனக்குத் தெரியும். விவாகரத்து தருவதற்கு அந்தக் கதை தேவையே இல்லை. அடி, மிரட்டல் இருந்தால் அது வேறு. அதற்குப் பாதுகாப்பு உத்தரவு தனியாகக் கேட்கலாம், குழந்தை யாரிடம் இருப்பது என்பதிலும் அது கணக்கில் வரும். இந்த விரிகுடாப் பகுதியில் தெற்காசியப் பெண்களுக்காக 1991 முதல் மைத்ரி என்ற அமைப்பு இருக்கிறது. தயங்காமல் அவர்களிடம் பேசச் சொல்லுங்கள்.

சம்மனின் இரண்டாம் பக்கத்தையும் தாத்தா பாட்டிகள் படிக்க வேண்டும். வழக்கு நடக்கும்போது மைனர் குழந்தையை மற்றவரின் எழுத்து மூலமான சம்மதமோ கோர்ட் உத்தரவோ இல்லாமல் மாநிலத்தை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது, புது பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கக் கூடாது, காப்பீட்டை ரத்து செய்யக் கூடாது, சொத்தை மாற்றக் கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கிறது. மனுப் போட்டவரை அது அந்த நாளிலிருந்தே கட்டுப்படுத்தும். மற்றவரைச் சம்மன் கைக்கு வந்ததிலிருந்து. "பேரனைக் கூட்டிக்கிட்டு ரெண்டு மாசம் சென்னையில இருந்துட்டு வரேன், எல்லாம் ஆறட்டும்" என்று பாசத்தில் கிளம்பிப்போனால், குழந்தையின் தாய்க்கோ தகப்பனுக்கோ அது தீராத கேடாக முடியும். ஆறுதல் சொல்ல வேண்டுமானால் நாம் இங்கே வந்து இருப்போம்.

நம்மவர்களுக்கு உள்ள பெரிய சிக்கல், இங்கே வாங்கிய தீர்ப்பு ஊரில் செல்லுமா என்பது. 1991-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கை நான் வேலையில் இருந்த காலத்திலேயே படித்தேன். இங்கே வந்தபின் அதன் அருமை இன்னும் தெரிகிறது. 1975-இல் திருப்பதியில் கல்யாணம். பிரிந்தபின் கணவர் மிசூரி மாநிலத்தில் 90 நாள் குடியிருந்ததாகச் சொல்லி, செயின்ட் லூயிஸ் கவுண்டி நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கினார். மனைவி ஆட்சேபம் தெரிவித்துப் பதில் அனுப்பினாரே தவிர அங்கே போகவில்லை. கணவர் 1981-இல் மறுமணம் செய்துகொண்டார். முதல் மனைவி இருதார வழக்குத் தொடுத்தார். அந்தக் கவுண்டித் தீர்ப்பு இந்தியாவில் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். வெளிநாட்டுத் தீர்ப்பு செல்ல வேண்டுமானால், எந்தச் சட்டப்படி மணந்தார்களோ அந்தச் சட்டம் ஒப்பும் நீதிமன்றமும் காரணமும் இருக்க வேண்டும். அல்லது மற்றவர் மனமுவந்து அந்த நீதிமன்றத்துக்கு உட்பட்டு அப்படிப்பட்ட காரணத்தின்மேல் வழக்காடியிருக்க வேண்டும். அல்லது இருவரும் சம்மதித்திருக்க வேண்டும். அந்த வழக்கில் காட்டிய தீர்ப்பின் ஒளிநகலில் கவுண்டி நீதிமன்றத்தின் துணைக் கிளார்க் சான்றிட்டிருந்தார். அமெரிக்காவில் உள்ள இந்திய அரசுப் பிரதிநிதியின் சான்று இல்லை என்பதால் அந்த நகலையும் சாட்சியமாக ஏற்கவில்லை. நகல் பிரிவில் ஆயுள் கழித்தவனால் அந்த வரிகளைக் கடந்துபோக முடியாது.

ஆகவே ஊரில் இருக்கும் மனைவிக்கோ கணவனுக்கோ தெரியாமல், அவர் பதில் தராத நிலையில் இங்கே தீர்ப்பு வாங்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. இந்தியாவில் இருப்பவருக்குச் சம்மனைத் தபாலில் அனுப்புவதை இந்தியா ஏற்பதில்லை. டெல்லி சட்ட அமைச்சகம் வழியாகப் போக வேண்டும், நாளாகும். ஆகட்டும். முடிந்தால் இருவரும் பேசி, சம்மதம் என்பதைத் தெளிவாக எழுதிக் கையெழுத்திட்டு, அது தீர்ப்பில் பதிவாகும்படி செய்யுங்கள். ஊரில் ஒரு வக்கீலிடமும் காட்டிவிடுங்கள்.

கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பெண்ணுக்கு மண உறவு முடியும் தேதியோடு அந்தத் தகுதியும் போய்விடும். அந்தத் தேதிக்கு முன்பே குடியேற்ற வக்கீலைப் பார்க்க வேண்டும். கல்யாணமாகிப் பத்து ஆண்டு ஆகச் சில மாதங்களே இருந்தால் அதையும் யோசிக்கலாம்: பத்து ஆண்டு மணவாழ்க்கை இருந்தவர், மறுமணம் செய்யாமல் இருந்தால், 62 வயதுக்குப்பின் முன்னாள் துணையின் கணக்கில் சமூகப் பாதுகாப்பு ஓய்வுத்தொகை கேட்க இடமுண்டு. மகளின் முதுமையைப் பற்றி இன்று யோசிக்க நம்மைவிட்டால் யார்?

ஊரில் வரன் பார்க்கிறவர்களுக்கும் சொல்கிறேன். ஒரு சென்ட் மனை வாங்கினாலும் முப்பது வருஷ வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். "அமெரிக்காவில் டைவர்ஸ் ஆயிடுச்சு" என்ற வாய்ச்சொல்லை மட்டும் நம்பிப் பெண்ணைக் கொடுக்கிறோம். எந்தக் கவுண்டி, வழக்கு எண் என்ன, மண உறவு முடிந்த தேதி எது என்று கேளுங்கள். நேர்மையான பையன் கோபித்துக்கொள்ள மாட்டான். தாளை எடுத்து நீட்டுவான். அதைப் படித்துவிட்டு, பழைய கதையை அதற்குப்பின் அந்தப் பையனிடம் தோண்டாமல் விடுவதும் நம் கடமை.

தீர்ப்பு கிடைத்ததும் முத்திரையிட்ட நகல் குறைந்தது இரண்டு வாங்குங்கள். ஒன்றை சாக்ரமென்டோவில் உள்ள மாநிலச் செயலர் அலுவலகத்துக்கு அனுப்பி, வெளிநாட்டில் ஏற்பதற்கான அப்போஸ்டில் சான்று பெறுங்கள். 2005 முதல் இந்தியாவும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது. தூதரகச் சான்றும் தேவையா என்று ஊர் வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று பாஸ்போர்ட்டோடு இருக்கட்டும். கவுண்டியின் பெயரையும் வழக்கு எண்ணையும் ஊரில் இருக்கும் அம்மாவிடம் சொல்லி, அவர் கையால் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.