திருமயம் கோட்டையில் ஒரு மாலைப்பொழுது

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி செல்லும் சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால், பெரும் பாறைக் குன்றொன்றும் அதனைச் சுற்றி வளைந்தோடும் மதிலும் தொலைவிலேயே கண்ணிற்படும். அதுவே திருமயம் கோட்டை. சென்ற கோடை விடுமுறையில் பங்கின் பீடச் சிறுவர்களை அங்கே அழைத்துச் சென்றேன்.

பிரெஞ்சு நாட்டுச் சிற்றூர்களில் நடுக்காலப் பிரபுக்களின் கோட்டைகள் சுற்றுலாப் பயணிகளை ஈர்ப்பதைப் படித்திருக்கிறோம். நம் வாயிலருகே இருக்கும் கோட்டையையோ நம்மிற் பலர் பேருந்துச் சன்னல் வழியே பார்ப்பதோடு சரி!

குன்றின் அடிவாரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் ஒரே பாறையில் குடைந்த பழங்கோயில்கள் உள்ளன. இவ்விரு கோயிலாரிடையே நெடுநாள் நிலவிய வழக்கு 1245ஆம் ஆண்டில் தீர்க்கப்பட்ட செய்தியைக் கல்வெட்டு கூறுகிறது. கோட்டையோ அவற்றினும் மிகப் பிந்தியது. 1687இல் இராமநாதபுரம் சேதுபதி எழுப்பியது. அன்று ஏழு சுற்று மதில்கள் இருந்தனவாம். படியேறி உச்சியை அடைந்தோம். அங்கே பழைய பீரங்கி ஒன்று, சுடுவதற்கு எவருமின்றி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

"இதைக் கட்டின சேதுபதி யாரு, சாமி?" என்றான் ஒரு சிறுவன்.

"கிழவன் சேதுபதி. ஓரியூரில் நம் அருளானந்தர் வெட்டுண்டது அவர் ஆட்சியில்தான்" என்றேன். சிறுவர்களின் ஆரவாரம் அடங்கிற்று.

லிஸ்பன் நகரில் பிறந்து, நம் மறவர் சீமையில் மறைபரப்பிய புனித அருளானந்தரை, கோட்டை எழுவதற்கு முந்திய ஆண்டில், அதாவது 1686இல், இதே மன்னர் விசாரித்து உயிரோடு விடுவித்தார். பின்னர்த் தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்று, ஒரு மனைவியோடு மட்டும் வாழ உறுதிபூண்டார். விலக்கப்பட்ட மனைவியருள் ஒருத்தி மன்னரின் உறவினள். அவளுடைய முறையீட்டால் சினம் மூண்டது. 1693 பிப்ரவரி 4ஆம் நாள் அருளானந்தர் தலை வெட்டுண்டு மறைசாட்சியானார். ஏரோதின் அவையில் ஸ்நாபக அருளப்பருக்கு நேர்ந்ததும் இதுவன்றோ!

"அந்த ராசா கெட்டவரா, சாமி?"

உடனே விடை கூற இயலவில்லை. வீரமும் ஆட்சித்திறனும் மிக்கவர் என வரலாறு அவரைப் போற்றுகிறது. ஒருமுறை கைதியை விடுவித்த கை அது. வீட்டாரின் சினத்துக்கு இணங்கியபோதே அக்கை தவறிற்று. "பகைவரிடமிருந்து காக்க ஏழு மதில் எழுப்பினார், தம்பி. தம் சினத்திடமிருந்து காக்க ஒரு மதிலும் எழுப்பவில்லை" என்றேன்.

இறங்கி வரும்போது எண்ணிப் பார்த்தேன். உறவினர் தூண்ட, அறிந்தே அநீதிக்கு இணங்கும் வேளை நம் இல்லங்களிலும் வருவதில்லையா? சொத்துப் பிரிவினையில், திருமணப் பேச்சில், அண்டை வீட்டாரோடு நேரும் பிணக்கில்?

ஏழு மதில்களுள் இன்று சிலவே எஞ்சியுள்ளன. மதிலே இல்லாத ஓரியூர் மணலுக்கோ, இன்றும் மக்கள் திரள் திரளாகச் செல்கின்றனர்.