பவனைக் கரையில் பத்து நாட்கள்

புணேயிலும் பிம்ப்ரி-சிஞ்ச்வடிலும் வாழும் நம்மவர், நான்கு நாள் ஓய்வு கிடைத்தால் லோனாவளாவுக்கோ மகாபலேஷ்வருக்கோ சென்று வருவது வழக்கம். நானும் முப்பத்திரண்டு ஆண்டுகள் அவ்வாறு சென்று திரும்பியவனே. விருந்தினனாக அன்றி, விருந்தினரை வரவேற்பவனாக ஓரிடத்தில் தங்கும் வாய்ப்பு, பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரே எனக்குக் கிட்டியது. அந்த அனுபவத்தைச் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என்னோடு ஒரே தொழிற்சாலையில் பணி செய்த மராட்டிய நண்பர் ஒருவர், மாவள் வட்டத்தில் பவனா அணையின் கரையோரச் சிற்றூரைச் சேர்ந்தவர். குடும்பத்துக்கு எஞ்சிய மேட்டு நிலத்தில் பதினைந்து கூடாரங்கள் அமைத்து, வார இறுதியில் வருவோருக்கு வாடகைக்கு விடுகிறார். சென்ற கோடையின் இறுதியில் அவர் மனைவி வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்தது. “மழை பிடிக்க இன்னும் பத்து நாட்களே உள்ளன. நீயும் வஹினியும் வந்து கைகொடுப்பீர்களா?” என்று கேட்டார். வஹினி என்பது நம் ‘அண்ணி’ போன்ற முறைப்பெயர். மறுநாளே இருவரும் புறப்பட்டோம்.

லோனாவளா செல்லும் புறநகர் ரயிலில் ஏறி, காம்ஷேத் நிலையத்தில் இறங்கி, பவனாநகர்ச் சாலையில் சென்றால், மலைச்சரிவு முடியுமிடத்தில் நீர்ப்பரப்பு தோன்றுகிறது. லோஹகட், விசாபூர், திகோனா, துங் என்னும் நான்கு கோட்டைகள் அதைச் சூழ்ந்து காவல் நிற்கின்றன. 2025-இல் உலக மரபுச் சின்னங்களாக யுனெஸ்கோ அறிவித்த பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளுள் லோஹகட்டும் ஒன்று. நம் செஞ்சிக் கோட்டையும் அப்பட்டியலில் உண்டு என்று நான் சொன்னபோது, நண்பர் என் கையைப் பற்றிக் குலுக்கினார்.

எங்கள் நாள் காலை ஐந்தரை மணிக்குத் தொடங்கும். எலுமிச்சைப் புல் இட்ட தேநீரை என் மனைவி கொதிக்க வைப்பாள். நான் முந்திய இரவின் குப்பையைப் பொறுக்குவேன். எட்டு மணிக்கு அவல் உப்புமா. விருந்தினர் சென்றபின் மெத்தைகளை வெயிலில் உலர்த்தி, கூடாரங்களைப் பெருக்கி, தளர்ந்த கயிறுகளை இழுத்துக் கட்ட வேண்டும். மே மாத இறுதியில் மாலை வேளைகளில் திடீரென்று இடியும் காற்றுமாக மழை அடிக்கும். ‘வளீவ்’ என்பது இவ்வூரார் அதற்கு இட்ட பெயர். முளை சரியாக அடிக்கப்படாத கூடாரம் அரை நொடியில் பறந்துவிடும். முதல் நாளே இரண்டைத் துரத்திப் பிடித்தோம். இரவில் சோள பாக்ரியும் பிட்லேயும் பரிமாறுவோம். மூன்றாம் நாள் முதல் என் மனைவியின் மிளகு ரசமும் சேர்ந்துகொண்டது. எல்லோரும் உறங்கச் சென்றபின், ஒருவரும் நீரில் இறங்காதபடி கைவிளக்கும் ஊதலுமாகக் கரையில் நடப்பது என் பணி.

நண்பரின் தாயாருக்கு எண்பது வயது. எல்லோரும் அவரை ‘ஆயி’ என்று அழைப்பர். திங்கட்கிழமை காலை என்னிடம் வந்து, “வாகேஷ்வரைப் பார்க்கப் போகிறேன். துணைக்கு வா” என்றார். அது பழைய கற்றளியான சிவன் கோயில். ஆண்டில் ஏறக்குறைய எட்டு மாதங்கள் நீருக்குள் மூழ்கியிருக்கும். கோடையில் நீர் வடிந்தபின்னரே வெளித்தோன்றும்.

வெடித்த வண்டல் மண்ணில் கோலூன்றி நடந்தபடி ஆயி ஒவ்வோரிடமாகக் காட்டினார். “இது களத்துமேடு. இது எங்கள் கிணறு. நான் மணப்பெண்ணாக வந்து இறங்கிய வாசல் இது.” அங்கே நான் கண்டது சில கற்களே. கோயிலில் வில்வம் சார்த்தி வணங்கியபின், “நீ எங்கே குடியிருக்கிறாய்?” என்றார். சிஞ்ச்வட் என்றேன். “அப்படியென்றால் எங்கள் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறாய்” என்று சொல்லிச் சிரித்தார். அச்சிரிப்பில் கோபம் இல்லை. ஆயினும் நான் தலைகுனிந்தேன்.

பவனா அணை 1972-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதில் திறக்கப்படும் நீர் ஆற்றின் வழியே வந்து, ராவேத்தில் இறைக்கப்பட்டு, பிம்ப்ரி-சிஞ்ச்வட் இல்லங்களுக்கு வருகிறது. நிலமிழந்தோர் மாற்று நிலம் வேண்டிப் பல்லாண்டுகள் போராடினர். அந்நீரை மூடிய குழாயில் கொண்டு செல்லும் திட்டத்தை எதிர்த்து 2011 ஆகஸ்ட் 9-ஆம் நாள் விவசாயிகள் மும்பை-புணே விரைவுப்பாதையில் திரண்டபோது, காவலர் துப்பாக்கிச் சூட்டில் மூவர் உயிரிழந்தனர். அன்று நான் சிஞ்ச்வடிலேதான் இருந்தேன். செய்தித்தாளில் படித்துவிட்டு, மடித்து வைத்துவிட்டுப் பணிக்குச் சென்றேன்.

கடைசிச் சனிக்கிழமை இரவு நான்கு இளைஞர்கள் முழங்கால் ஆழத்தில் நின்றனர். ஊதலை ஊதினேன். “கிழவர் சும்மா மிரட்டுகிறார்” என்று ஒருவன் தமிழிலே சொன்னான். நானும் தமிழிலே, “தம்பி, நீ நிற்குமிடத்துக்குப் பத்தடி தள்ளி ஒரு பழங்கிணறு இருக்கிறது. அதன் சொந்தக்காரி மேலே உறங்குகிறாள். எழுப்பிக் கேட்கலாமா?” என்றேன். நால்வரும் மறுசொல் இன்றிக் கரையேறினர். மறுநாள் காலை அவர்களே வந்து ஆயியின் கால் தொட்டு வணங்கிச் சென்றனர்.

பத்தாம் நாள் கூடாரங்களைச் சுருட்டிக் கொட்டகையில் அடுக்கினோம். நண்பர் நாற்றங்காலில் சருகும் சாணமும் பரப்பித் தீயிட்டார். மாவளத்து நெல் விதைப்புக்கு அதுவே முதல் வேலை. விடைபெறும்போது ஆயி எங்களுக்கு ஒரு கூடை களாப்பழம் தந்தார். “அடுத்த மழைக்குள் வாகேஷ்வர் மறுபடி வருவார். நானும் இருந்தால் வா” என்றார்.

ஊரை விட்டு வந்தோம் என்று நாம் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். நமக்குத் திரும்பிச் செல்ல ஊர் உண்டு. ஆயியின் ஊரோ ஆண்டுக்குச் சில மாதங்களே கண்ணுக்குத் தெரிவது. அன்பர்கள் அடுத்த கோடையில் பவனைக்குச் சென்றால், நீரில் இறங்காதீர்கள். குப்பையை விட்டு வராதீர்கள். அங்குள்ள முதியோரிடம் பழைய ஊர் எங்கே இருந்தது என்று கேளுங்கள். அவர் தண்ணீரைக் குடிக்கும் நாம் அதையாவது கேட்டறிவது முறை.