கடலைக் காணாத மாலுமி

கப்பலை ஓட்டுகிறவர் எங்கே நிற்பார் என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? உயரமான மேடையறையில், சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, கம்பீரமாகக் கடலைப் பார்த்து நிற்பார் என்பீர்கள். சினிமாவில் நாம் பார்ப்பது அதுதானே! சரி, அந்தச் சக்கரம் நடுக்கடலில் திடீரென்று உயிரை விட்டுவிட்டால்?

என் சிநேகிதியின் கணவர் ஒரு சரக்குக் கப்பலில் இரண்டாவது ஆபீஸர். கப்பல் துறைமுகத்தில் நின்றபோது எங்கள் இருவரையும் அழைத்துப் போய்க் காட்டினார். மேடையறையில் இருந்த சக்கரம் மோட்டார் காரின் சக்கரத்தைவிடச் சிறியது. அது அனுப்புவது வெறும் மின்சாரச் செய்திதான். உண்மையான வேலை கப்பலின் பின்கோடியில், சுக்கானுக்கு நேர் மேலே உள்ள அறையில் நடக்கிறது. அங்கே பம்புகள் எண்ணெயை அழுத்தித் தள்ள, அந்த அழுத்தம் சுக்கானின் தண்டைத் திருப்புகிறது.

மேலிருந்து வரும் செய்தி அறுந்துபோனால் ஒருவர் அந்த அறைக்கு ஓட வேண்டும். சுற்றிலும் இரும்புச் சுவர், ஜன்னல் கிடையாது, காதைப் பிளக்கும் பம்பு சத்தம். துணைக்கு ஒரு திசைகாட்டி, சுக்கான் எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறது என்று காட்டும் முள், ஒரு டெலிபோன். அந்த டெலிபோனுக்கு மின்சாரமே வேண்டாம். பேசுகிறவரின் குரலே அதற்குச் சக்தி!

அன்று ஒத்திகை நடந்தது. இருபது வயது மதிக்கத்தக்க பையன் ஒருவன் டெலிபோனைக் காதில் மாட்டிக்கொண்டு நின்றான். மேலிருந்து, "வலது பத்து!" என்று உத்தரவு வந்தது. "வலது பத்து" என்று திருப்பிச் சொல்லிவிட்டு, பம்பின் அருகே இருந்த வால்வைக் கையால் அழுத்தினான். முள் பத்தைத் தொட்டதும் கையை எடுத்து, "வலது பத்தில் இருக்கிறது" என்றான்.

நம் வீட்டில் கூடத்திலிருந்து "அடுப்பைத் தணி" என்று குரல் கொடுத்தால், சமையலறையிலிருந்து "ம்" என்று பதில் வரும். தணித்தாயிற்றா, தணிக்கப் போகிறார்களா என்பது கடவுளுக்கே வெளிச்சம்! கப்பலில் அந்த "ம்" செல்லாது.

"வெளியே என்ன இருக்கிறதென்று தெரியாமல் பயமாக இராதா, தம்பி?" என்று சிநேகிதி கேட்டாள்.

"அதைப் பார்ப்பது மேலே இருப்பவர் வேலை, அக்கா. நான் காதால் கேட்டதைச் சரியாகச் செய்தால் போதும்" என்றான்.

ஒத்திகைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று தோன்றுகிறதா? 1978 மார்ச் 16-ந் தேதி, பிரான்ஸின் பிரிட்டனி கரையருகே 'அமோகோ காடிஸ்' என்ற எண்ணெய்க் கப்பலில் சுக்கான் யந்திரம் பழுதாகி, அதன் எண்ணெய் வெளியே கொட்டிவிட்டது. கையால் வால்வை அழுத்தி என்ன பயன்? உள்ளே எண்ணெய் இருந்தால்தானே! அடக்குவாரற்ற சுக்கானை அலைகள் அடித்து ஆட்டின. உதவிக்கு வந்த இழுவைக் கப்பலின் வடமும் அறுந்தது. அன்றிரவே கப்பல் போர்ட்ஸால் பாறைகளில் ஏறிவிட்டது. மாலுமிகள் பிழைத்தார்கள். ஆனால் சுமார் 2,20,000 டன் எண்ணெய் கடலில் கலந்து, பறவைகளையும் சிப்பிகளையும் வாரிக்கொண்டு போயிற்று.

பிறகு, 1981-ல் சர்வதேச விதிகளைத் திருத்தினார்கள். பெரிய எண்ணெய்க் கப்பல்களில் ஒரு பக்கத்து ஏற்பாடு கெட்டாலும், 45 விநாடிக்குள் சுக்கான் மறுபடி வசத்துக்கு வந்தாக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது, நான் பார்த்ததைப் போன்ற ஒத்திகையும் நடத்தியாக வேண்டும்.

ஆகவே, கப்பலில் வேலை பார்க்கும் உங்கள் வீட்டுப் பிள்ளை லீவில் வந்திருக்கும்போது, "ஒரு படி அரிசி வாங்கி வா" என்றதற்கு, "ஒரு படி அரிசி" என்று திருப்பிச் சொன்னால் கேலி செய்யாதீர்கள். அவன் கிளிப்பிள்ளை அல்ல. கடலைக் காணாமலே கப்பலைத் திருப்பப் பழகியவன்!