வேன் கூரையில் ஒரு சோலர் பனல்



2022 மார்ச் 31. நாடெங்கும் 13 மணிநேர மின்வெட்டு. மே 23இல் சாதாரண தரப் பரீட்சை. டீசல் இல்லாமல் எங்கள் பழைய வேன் வேலணையில் வீட்டு வாசலிலேயே கிடந்தது. அதன் கூரையில் 100 வோற்ஸ் சோலர் பனல் ஒன்றைப் பூட்டினோம். நோன்பு மாத இரவுகளில் அந்த வேனே எங்கள் வகுப்பறை.

பட்டுத்தான் படித்தோம். பனலைத் தகரத்தோடு ஒட்டிப் பூட்டினால் சூடேறி மின்சாரம் குறைகிறது. கீழே காற்றுப் போக இடைவெளி விடவேண்டும். பனை நிழல் ஒரு மூலையில் விழுந்தாலே பெரும் இழப்பு. துளைகளுக்குச் சிலிக்கன் பூசாவிட்டால் மழை உள்ளே வரும். பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது.

கடைசி விதியை ஓரிரவு மீறினோம். "சேர், இன்னும் ஒரு கணக்கு" என்றாள் ஒரு பிள்ளை. மறுக்க மனம் வரவில்லை. அன்று சஹர் இருட்டில்தான். சில நாளில் பற்றரியும் செத்தது. மற்றப் பிள்ளைகளின் மிச்ச இரவுகளையும் சேர்த்தே செலவழித்துவிட்டோம்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு இந்திய நிதியில் சூரிய, காற்று மின்திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. அதிலும் பற்றரி உண்டு. பனலை எல்லோரும் படம் எடுப்பார்கள். பற்றரியைப் பராமரிக்க ஆள் இருக்கட்டும். எங்கள் துஆ அதுதான்.