ஆயா போட்ட கணக்கு

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டை நெருங்கும்போதே ஆயாவின் ராட்டைச் சத்தம் கேட்கும். குழித்தறியில் நைனா. கோர்வைச் சேலை ஓடும் நாட்களில் கரைக்கான நாடாவைத் தள்ளிவிட அவர் பக்கத்தில் நான். வாசலோரம் ஒரு காலை நீட்டிப்போட்டு, ஊடைக்குத் தார் சுற்றிக்கொண்டிருக்கும் ஆயா. பட்டு இழை ஓடி ஓடி அதன் ஆள்காட்டி விரலில் மெல்லிய கோடு ஒன்று விழுந்திருந்தது. இழை அறுந்தால் கண் தேடாது, விரலே கண்டுபிடித்துவிடும். இரண்டு நுனியையும் எச்சில் தொட்டு முறுக்கினால் முடிச்சு தெரியாது.

1991 தீபாவளிக்கு ரஜினியின் ‘தளபதி’ வந்தது. பண்டிகைச் சேலையெல்லாம் முதலாளி வீட்டுக்குப் போய், கூலியும் கைக்கு வந்த பிறகு ஆயா என்னைக் கூட்டிப்போனது. கொட்டகையே விசிலடித்துக்கொண்டிருந்தது. ஸ்ரீவித்யா வந்ததும் ஆயா என் காதருகே குனிந்தது.

“இந்தப் பொண்ணா தாயாரு? அவனுக்குப் பொண்டாட்டியா வந்தவளாச்சேடா!”

எனக்கு அழுகையும் கோபமும் முட்டிக்கொண்டு வந்தன. கைக்குழந்தையைத் துணியில் சுற்றிக் கூட்ஸ் வண்டியில் விட்ட தாய் அல்லவா அவர்? ரயில் கூவும்போது அந்தப் பெரிய கண்கள் கலங்குவதைப் பார்த்த யாரும் வயதைக் கேட்க மாட்டார்கள் என்றே நினைத்தேன்.

ஆயா கேட்டது. ஸ்ரீவித்யாவின் நடிப்பில் அது ஒரு குறையும் காணவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டேதான் வந்தது. ஆனால் 1975இல் ‘அபூர்வ ராகங்கள்’ பார்த்ததை மறக்கவில்லை. ரஜினிக்கு அதுதான் முதல் படம்; ஸ்ரீவித்யாவின் கணவனாகக் கேட்டைத் திறந்துகொண்டு வருவார். பிறந்த வருடங்களைப் பின்னாளில்தான் பார்த்தேன். ரஜினி 1950, ஸ்ரீவித்யா 1953. தாய்க்கு 38 வயது, மகனுக்கு 41 நிறையப்போகிறது. ஆயாவின் கணக்கு சரிதான்.

அன்று ராத்திரி ராட்டையைத் துடைத்து வைத்தபடி, சிறுவயதில் பார்த்த ‘ஔவையார்’ கதையைச் சொன்னது. 1953இல் வந்த ஜெமினி படம். ஒரு கிழவிக்காகவே எடுத்த அந்தப் படத்தில் கே.பி.சுந்தராம்பாள் கோலூன்றி வந்தபோது ஜனங்கள் கைகூப்பினார்களாம்.

“கல்யாணம் வாணாம்னு புள்ளையாருகிட்ட ஔவை தானா கெழவி உருவத்தக் கேட்டு வாங்குனா. இந்தப் பொண்ணுகிட்ட யாருடா கேட்டாங்க?”

எத்தனையோ கட்டுரைகள் படித்துவிட்டேன். இதைவிட நேரான கேள்வியை எங்கும் பார்க்கவில்லை.

ஆயா போய் வெகுகாலம் ஆகிவிட்டது. தறிக்குழியையும் மூடிவிட்டோம். 2024இல் வந்த ‘ஜே.பேபி’யை வீட்டு டிவியில் போட்டேன். ‘முந்தானை முடிச்சு’ ஊர்வசிதான் பேபி. காணாமல்போன அம்மாவைத் தேடிப் பிள்ளைகள் கொல்கத்தா வரை போகிறார்கள். மகன் புகழ் பாடுவதற்காக வைத்த அம்மா இல்லை. படமே அவள் பெயரில்.

அம்மா வெங்காயத் தட்டோடு வந்து உட்கார்ந்தது.

“ஹீரோ யாருடா?”

“ஊர்வசிதாம்மா.”

கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டச் சொன்னது.