நாங்கள் தைத்த படகு



பதினைந்து வயதுப் பிள்ளையின் அறைக் கதவு மூடியே கிடக்கும் வீடுகள் இன்று எத்தனை! உள்ளே பிள்ளை இருக்கிறது. கையில் தொலைபேசி இருக்கிறது. வெளியே உம்மா நிற்கிறாள். "சாப்பிட வாங்க மகன்" என்றால், "பிறகு" என்று ஒரு சொல் வரும். அதற்கு மேல் பேச்சில்லை. கொழும்பிலும் இதுதான், கல்முனையிலும் இதுதான், நான் வாழும் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலும் இதுதான். நாம் உபதேசம் செய்கிறோம், கோபிக்கிறோம், தஹஜ்ஜுத்தில் அழுகிறோம். துஆவுக்குப் பதில் எந்த வடிவில் வரும் என்பதை அல்லாஹ்தான் அறிவான். எங்கள் வீட்டுக்கு அது ஒரு மரப்படகின் வடிவில் வந்தது. ஒரு குளிர்காலம் முழுவதும் வீட்டிலேயே இருந்து நாங்கள் கட்டிய படகு அது.

கடலில்லாத ஊரில்

லெஸ்டர் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள நகரம். பிரிட்டனிலேயே கடலிலிருந்து மிகத் தூரமான இடம் எங்கள் பக்கத்து மாவட்டமான டார்பிஷயரில்தான் இருக்கிறது. அங்கிருந்து கடற்கரைக்குச் சுமார் 113 கிலோமீற்றர். இப்படிப்பட்ட ஊரில் 2024 நவம்பரில் என் மகன் ஒரு வரைபடத்தோடு வந்து நின்றான். பாடசாலையில் மரவேலை கற்பிக்கும் ஆசிரியர் கொடுத்ததாம். 8 அடிக்குச் சற்றுக் குறைவான சிறிய துடுப்புப் படகு. மூன்று பிளைவூட் பலகைகள் போதுமாம். "கராஜை எனக்குத் தருவீங்களா?" என்று கேட்டான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் எங்களிடம் வாய்திறந்து கேட்ட முதல் விடயம் அது.

என் கணவர் இரவு வேலைக்குச் செல்பவர். "கடலில்லாத ஊரில் படகா?" என்று சிரித்தார். பக்கத்து வீட்டவர்களும் சிரித்தார்கள். எனக்கு நூஹ் நபி (அலை) அவர்களின் நினைவு வந்தது. அவர்கள் கப்பல் கட்டியபோது, கடந்து சென்ற பிரமுகர்கள் எல்லாம் பரிகசித்ததை ஸூரா ஹூத் கூறுகிறதல்லவா? எங்களுடையது வெள்ளத்திலிருந்து தப்பும் கப்பல் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மூழ்கிக்கொண்டிருந்த ஒன்று எங்கள் வீட்டிலும் இருந்தது.

இங்கு டிசம்பரில் சூரியன் உதிக்கக் காலை 8 மணி கடந்துவிடும். மஃரிப் பிற்பகல் 4 மணிக்கு முன்பே வந்துவிடும். பிள்ளைகள் பாடசாலை விட்டு வரும்போதே இருட்டு. இஷாவும் 6 மணியளவில் தொழுதாகிவிடும். அதன்பின் நீண்டு கிடக்கும் அந்த மாலைப்பொழுதை என்ன செய்வது? ஒவ்வொருவரும் ஒவ்வொரு மூலையில் ஒவ்வொரு திரையைப் பார்ப்பதுதான் அதுவரை எங்கள் வழக்கம்.

தையல் தெரிந்தால் போதும்

மரவேலை ஆண்களின் வேலை என்று ஒதுங்கியிருந்த என்னை அந்த வரைபடம்தான் உள்ளே இழுத்தது. அதைப் பார்த்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது. அது சட்டை வெட்டும் அளவுத்தாள் போலவே இருந்தது! சகோதரிகளே, உங்களில் தைக்கத் தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். சட்டையின் கைத்துண்டை வெட்டும்போது மேசையில் அது தட்டையாகத்தான் கிடக்கிறது. அதன் வளைவும் தோள்பக்கத்து வளைவும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துத் தைத்ததும் தோள் உருண்டு நிற்கிறது. இந்தப் படகும் அப்படியே. தட்டையான 6 மில்லிமீற்றர் பலகைகளை வளைவாக வெட்டி, ஓரங்களைச் சேர்த்துத் தைத்தால், அவை தாமாகவே வயிறு பிடித்து எழுந்து நிற்கின்றன.

தைப்பதற்கு நூலுக்குப் பதில் செம்புக் கம்பி. ஓரம் நெடுகிலும் ஒரு சாண் தூரத்துக்கு ஒரு சிறு துளை போட வேண்டும். கம்பியைக் கோத்து, குறட்டால் முறுக்க வேண்டும். பின்னர் உட்புறம் மூலைகளில் பசையைத் தடவி, அதன்மேல் கண்ணாடி நார்ப் பட்டியை ஒட்ட வேண்டும். பசை இறுகியதும் கம்பிகளை உருவி எடுத்துவிடலாம். நாம் நிரந்தரத் தையலுக்கு முன் ஓட்டுத் தையல் போட்டுப் பிறகு உருவுவதில்லையா? அதே வேலை.

வீட்டில் படகு கட்டுவோரிடம் இந்த முறை பரவ முக்கிய காரணமாக இருந்தது 'மிரர்' என்ற படகு. ஜக் ஹோல்ட், பரி பக்னெல் என்ற இருவர் அதை வடிவமைத்தார்கள். டெய்லி மிரர் பத்திரிகை அதை 1963இல் அறிமுகம் செய்தது. சாதாரண வருமானமுள்ள குடும்பங்களும் வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் நோக்கம். சிவப்புப் பாயோடு 70,000க்கும் மேற்பட்ட மிரர் படகுகள் உருவாகியுள்ளன.

ஆனால் படகைத் தைப்பது மேற்கில் பிறந்த வித்தை அல்ல. 1344இல் நமது புத்தளக் கரையில் வந்திறங்கிய இப்னு பதூதா, தென்னை நார்க் கயிற்றால் தைக்கப்பட்ட கப்பல்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆணி அடித்த கப்பல் பாறையில் மோதினால் உடைந்துவிடும். கயிற்றால் தைத்தது வளைந்து கொடுக்கும் என்பது அவர் தரும் விளக்கம். 2010இல் ஓமானிலிருந்து சிங்கப்பூருக்குப் பாய்விரித்துச் சென்ற 'ஜுவல் ஒஃப் மஸ்கட்' என்ற கப்பலும் பழைய முறைப்படி ஆணியின்றித் தைக்கப்பட்டதுதான். வழியில் அது நமது காலித் துறைமுகத்துக்கும் வந்து சென்றது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நூஹ் நபியின் கப்பலைப் பலகைகளும் 'துஸுர்'களும் கொண்டது என ஸூரா அல்கமர் 13ஆவது வசனம் குறிப்பிடுகிறது. அந்தச் சொல்லுக்கு ஆணி என்பதே பரவலாகச் சொல்லப்படும் பொருள். பலகைகளைப் பிணைக்கும் நார்க் கயிறு என்ற பொருளும் அரபு அகராதிகளில் உண்டு. இதை நான் மகனுக்குச் சொன்னபோது, கம்பி முறுக்கிக்கொண்டிருந்த அவன் கை சற்று நின்றது. பிறகு அன்றிரவே அந்த ஸூராவை எடுத்து ஓதினான்.

குளிரும் பசையும்

எங்கள் எதிரி குளிர்தான். இந்தப் பசை இரண்டு திரவங்களைச் சரியான அளவில் கலந்து செய்வது. கலந்ததும் உள்ளே இரசாயன மாற்றம் தொடங்கிச் சூடு பிறக்கும், அதனால் இறுகும். சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலை 10 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால், அந்த மாற்றம் மிக மெதுவாகிவிடும். எங்கள் கராஜில் ஜனவரி மாதத்தில் 4 பாகை! பசை தேன்போலத் தடித்துப் போய், பலகையில் ஊறாமல் நின்றது. ஈரம் வேறு.

பழைய போர்வைகளையும் பிளாஸ்டிக் விரிப்பையும் கொண்டு படகின்மேல் ஒரு கூடாரம் கட்டினோம். உள்ளே நெருப்பில்லாத, எண்ணெய் நிரப்பிய மின்சார ஹீற்றர் ஒன்றை வைத்தோம். பசைப் போத்தல்களை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி இளக்கினோம். ஒரு தடவைக்குக் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். அதிகம் கலந்து கிண்ணத்திலேயே வைத்திருந்தால் கொதித்துப் புகைந்துவிடும். கையுறை கட்டாயம், இந்தப் பசை தோலில் பட்டால் சிலருக்கு வாழ்நாள் முழுவதும் ஒவ்வாமை வந்துவிடும். எட்டு வயது மகளைப் பசைப் பக்கம் விடவில்லை. அவளுக்கு வெப்பமானியைப் பார்த்து எழுதும் உத்தியோகம். கராஜ் சுவரில் ஒவ்வொரு மாலையும் அவள் எழுதிய எண்கள் இன்னும் இருக்கின்றன.

பசை இறுகும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வேலையில்லை. அந்தக் காத்திருப்பில்தான், சகோதரிகளே, மகன் பேசத் தொடங்கினான். தேநீர்க் கோப்பையோடு கவிழ்த்த வாளியில் அமர்ந்து பாடசாலையைப் பற்றிச் சொன்னான். தன்னைத் தனிமைப்படுத்திய நண்பர்களைப் பற்றிச் சொன்னான். நேருக்கு நேர் உட்காரவைத்து நான் கேட்டபோதெல்லாம் சொல்லாதவை அவை. கண்கள் இரண்டும் பலகையில் இருக்கும்போது வாய்க்கு வெட்கம் குறைகிறது போலும்.

மூத்தவாப்பாவின் தமிழ்

எங்கள் பூர்வீகம் மன்னார்த் தீவு. என் வாப்பா கடற்றொழிலாளி. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கடல்வழியாகக் கற்பிட்டியில் வந்திறங்கிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. வாப்பாவின் வள்ளம் ஊரிலேயே நின்றுவிட்டது. புத்தளத்தில் கூலி வேலை செய்து எங்களை வளர்த்தார். அதன்பிறகு அவர் கடலைப் பற்றிப் பேசி நான் கேட்டதேயில்லை. 2009இல் யுத்தம் முடிந்தபின் ஒருமுறை ஊருக்குப் போய் வந்தார். எதுவும் சொல்லவில்லை, கேட்கும் தைரியம் எங்களுக்கும் வரவில்லை.

என் மகனுக்கும் அவருக்கும் இடையில் வாராவாரம் தொலைபேசியில் ஒரு ஸலாம், ஒரு "சுகமா?", அவ்வளவுதான். ஒருவருக்கு ஆங்கிலம் தெரியாது. மற்றவனுக்குத் தமிழ் வராது. வாப்பாவுக்கு எண்பது கடந்துவிட்டது. இருவரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒருவர் போய்விடுவாரோ என்பது என் மனதில் கிடந்த பெரிய பாரம்.

ஒரு நாள் வீடியோ அழைப்பில் படகைக் காட்டினேன். வாப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, "அணியம் கொஞ்சம் தூக்கி நிக்கட்டும். கம்பியை முதல் இறுக்கிப் போடாதீங்க. எல்லாம் சேர்ந்தாப் பிறகு இறுக்குங்க" என்றார். மகன் என் முகத்தைப் பார்த்தான். அணியம் என்றால் படகின் முன்பக்கம் என்று சொன்னேன். அடுத்த வாரம் அவனே அழைத்தான். அதற்கடுத்த வாரம் நான் பக்கத்தில் இல்லாமலே அழைத்தான். ஒட்டுப் போட்ட தமிழ்தான்; ஆனால் கேட்க வேண்டிய தேவை இருந்ததால் சொற்கள் வந்தன. பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்துக் குங்கிலியம் பூசுவதையும், சுறா எண்ணெய் தடவுவதையும் வாப்பா சொல்லிக் கொடுத்தார். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுகளின் பெயர்கள் கராஜ் சுவரில் வந்து சேர்ந்தன. "ஈரம் இருந்தா குங்கிலியமும் பிடிக்காது, உங்கட மருந்தும் பிடிக்காது" என்று அங்கிருந்தே எங்கள் கூடாரத்தைப் பாராட்டினார்.

2025 ஏப்ரலில் எங்கள் நகருக்குக் கிழக்கேயுள்ள ரட்லண்ட் வோட்டர் என்ற பெரிய நீர்த்தேக்கத்தில், அனுமதி பெற்றுப் படகை இறக்கினோம். அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி ஏறும்படி நூஹ் நபி கூறியதுபோல் பிஸ்மில்லாஹ் சொல்லி, உயிர்காப்பு அங்கிகளோடு தகப்பனும் மகனும் ஏறினார்கள். தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்த வாப்பா அழகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "தண்ணி உள்ள வருதா?" என்று மட்டும் கேட்டார். "இல்லை மூத்தவாப்பா" என்றான் மகன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

கவிழ்த்து வைத்த வள்ளம்

அந்த ஒக்டோபரில் குளிர் திரும்பியது. கராஜில் இடம் தேவைப்பட்டதால் படகை வெளியே எப்படி வைப்பது என்று மகன் வாப்பாவிடம் கேட்டான். "கவிழ்த்து வைங்க மகன். கீழே ரெண்டு கட்டை போடுங்க, காத்து போகட்டும்" என்றார். சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "நானும் அப்படித்தான் கவிழ்த்து வச்சிட்டு வந்தன். கட்டையும் போட்டன்" என்றார்.

மகன் தன் உடைந்த தமிழில் கேட்டான்: "ஏன் மூத்தவாப்பா? அவங்க போகச் சொல்லிட்டாங்கதானே?"

"வாடை முடியத் திரும்பி வருவோம் எண்டு நினைச்சன் மகன்."

முப்பத்தைந்து வருடங்களாக அவர் தன் மகளான எனக்குச் சொல்லாத சொல் அது. ஊரே அவசர அவசரமாக வெளியேறிய வேளையில், ஒரு மனிதர் கரையில் நின்று தன் வள்ளத்தை மழைக்கால முறைப்படி கவிழ்த்து, அடியில் கட்டை வைத்திருக்கிறார்! 2009க்குப் பிறகு அவர் ஊருக்குப் போனது எதைத் தேடி என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. மகன் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. வெளியே போய், மழைத் தூறலில் நின்று, அவர் சொன்னபடியே கட்டை வைத்தான்.

சகோதரிகளே! நம் பிள்ளைகளுக்கு நாம் இடும் கட்டுப்பாடுகளெல்லாம் அந்தச் செம்புக் கம்பிகள் போன்றவை. வடிவம் வரும் வரை அவை வேண்டும். ஆனால் கடைசிவரை படகைப் பிடித்து வைப்பது கம்பி அல்ல, உள்ளே இறுகிய பசைதான். அந்தப் பசைக்குச் சூடும் வேண்டும், காத்திருப்பும் வேண்டும். நீங்கள் படகு கட்ட வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலும் பாய் இழைக்கத் தெரிந்த மூத்தம்மாவோ, வலை பின்னத் தெரிந்த வாப்பாவோ, நாற்று வைக்கத் தெரிந்த மாமாவோ இருப்பார். நபி (ஸல்) அவர்கள் தமது கிழிந்த ஆடையைத் தாமே தைத்தார்கள், செருப்பைத் தாமே செப்பனிட்டார்கள் என்பது நாம் அறிந்ததே. கை வேலையில் இழிவில்லை. முடிக்க ஒரு பருவமாவது எடுக்கும் ஒரு வேலையைத் தெரிந்தெடுங்கள். பிள்ளையையும் அந்தப் பெரியவரையும் அருகருகே உட்கார வையுங்கள். கேள்வி பிள்ளையிடமிருந்து வரட்டும். பெரியவர் உயிரோடிருக்கும்போதே வரட்டும்.

நம் பிள்ளைகளை நமது கண்களுக்குக் குளிர்ச்சியாக அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.