பொந்தில் என்றால் என்ன டீச்சர்?

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பாட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டுச் சாவகாசமாகப் படியுங்கள்.

ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு பையனுக்கு இப்போது கல்யாண வயதில் மகன் இருக்கிறான். பெயர் வேண்டாம். கடைசியில் 'சிங்' என்று முடியும், அவ்வளவுதான் சொல்வேன். செஞ்சிப் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது கண்டுபிடித்தாலும் கீழே எழுதாதீர்கள். போன வாரம் போன் செய்தான். குரலே சரியில்லை. மகனுக்குப் பேசி முடித்த இடத்தில் ஒரு பெரியவர், வடக்கே உறவு உள்ளவராம், "ராஜஸ்தானத்தில் பொந்தில் என்று ஒரு குலமே கிடையாதே, நீங்கள் அசல் ராஜபுத்திரர்தானா?" என்று சபையில் கேட்டுவிட்டாராம். "டீச்சர், நாங்க சூரிய வம்சம்னு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க, பத்திரிகையிலேயே அச்சடிச்சிடறேன்" என்றான்.

சூரிய வம்சச் சான்றிதழ் கொடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லையப்பா என்றேன். ஆனால் அவனிடம் சொன்னதை உங்கள் எல்லோருக்கும் சொல்லலாம் என்று தோன்றியது.

பொந்தில் என்ற சொல் புந்தேலா என்பதிலிருந்து வந்தது. புந்தேலர்களின் ஊர் ராஜஸ்தானம் இல்லை, புந்தேல்கண்ட். இன்றைய உத்தரப் பிரதேசமும் மத்தியப் பிரதேசமும் சேரும் இடம். ஜான்சி, ஓர்ச்சா, ததியா, பன்னா எல்லாம் அங்கேதான். பாறையும் முட்காடும் வெயிலுமான பூமி. ஆகவே அந்தப் பெரியவர் ராஜஸ்தானத்தில் தேடிக் காணாததில் வியப்பில்லை.

அவர்களின் பிறப்புக் கதை இது. காசியை ஆண்ட ககர்வார் குலத்தில் பஞ்சம் என்று ஒரு இளவரசன். அண்ணன்மார் பங்கு தராமல் விரட்டிவிட, விந்தியவாசினி அம்மன் முன்னால் தன் தலையையே கொடுக்கத் துணிந்தான். வாள் பட்டு ஒரு சொட்டு ரத்தம் விழுந்ததும் அம்மன் தடுத்து, நாடு ஆளும் வரம் கொடுத்தாள். 'பூந்த்' என்றால் இந்தியில் சொட்டு. அதனால் புந்தேலா. விந்தியமலையின் பெயரே திரிந்து புந்தேலா ஆனது என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்ல ரத்தச் சொட்டுக் கதைதான் நன்றாக இருக்கும்.

காசியையும் கன்னோசியையும் ஆண்ட ககடவாலர் என்ற அரச மரபு உண்மையானது. நம் கங்கைகொண்ட சோழபுரத்திலேயே, முதல் குலோத்துங்கன் கல்வெட்டை அடுத்து அவர்களுடைய வம்சாவளி தொடங்கி, பாதியில் நின்றுபோன கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அந்த மரபின் ஜெயச்சந்திரன் 1194-இல் போரில் இறந்தார். புந்தேலர்களின் ருத்ர பிரதாப் பேத்வா நதிக்கரையில் ஓர்ச்சாவை நிறுவியது 1531-இல். நடுவில் முன்னூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் பெரும்பாலும் அரண்மனைக் கவிஞர்கள். அரசன் சோறு போடும்போது வம்சம் சூரியன் வரைக்கும் நீளத்தானே செய்யும்!

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். "அசல்தானா?" என்ற கேள்வியை ஓர்ச்சா ராஜாக்களே சந்தித்திருக்கிறார்கள். ராஜஸ்தானத்துப் பெரிய குலங்கள் அவர்களோடு கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்ளவில்லை. புந்தேலர், பன்வார், தந்தேரர் ஆகிய மூன்று குலத்தார் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்தார்கள். டிர்க் கோல்ஃப் என்ற டச்சு வரலாற்றாசிரியர், அந்தக் காலத்தில் ராஜபுத்திரர் என்பது பிறப்பால் மட்டும் வந்ததில்லை, படைத்தொழிலால் சம்பாதித்த பட்டமாகவும் இருந்தது என்று எழுதியிருக்கிறார். என் மாணவனுக்கு இது கசப்பாக இருந்திருக்கலாம். எனக்கென்னவோ, கொடுத்த பட்டத்தைவிடச் சம்பாதித்த பட்டம் ஒரு படி மேல்தான்.

எல்லாம் பெருமையான கதை என்றும் நினைக்க வேண்டாம். ஓர்ச்சாவின் வீர் சிங் தேவ்தான் 1602-இல் இளவரசர் சலீமுக்காக அபுல் பசலை வழிமறித்துக் கொன்றார். அக்பர் வரலாறு எழுதிய அதே அபுல் பசல்தான்! சலீம் ஜஹாங்கீராகி அரியணை ஏறியதும் வீர் சிங்குக்கு நல்ல காலம் பிறந்தது. ஓர்ச்சாவில் நிற்கும் ஜஹாங்கீர் மஹால் அவர் கட்டியது. நேர் எதிராகப் பன்னாவின் சத்ரசால், ஔரங்கசீப்பை எதிர்த்து நின்றவர். தள்ளாத வயதில், 1729-இல், எதிரி சூழ்ந்தபோது பாஜிராவ் வந்து காப்பாற்றினார்; நன்றியாக நாட்டில் ஒரு பங்கையே கொடுத்தார். ஒரே குலம், இரண்டு பக்கமும் ஆட்கள்.

நம் ஊருக்கு அவர்கள் வந்ததும் மொகலாயப் படையோடுதான். செஞ்சியில் மராட்டிய ராஜாராம் இருக்க, சுல்பிகார் கான் 1690 முதல் 1698 வரை முற்றுகை போட்டார். அந்தப் படையில் ததியாவின் தல்பத் ராவ் புந்தேலா இருந்தார். அவரிடம் வேலை பார்த்த பீம்சேன் என்பவர் தம் நினைவுகளைப் பாரசீகத்தில் எழுதி வைத்திருக்கிறார். கோட்டை விழுந்த பிறகு கில்லேதாராக வந்தவர் சொரூப் சிங் புந்தேலா. அவர் 1714-இல் இறந்ததும் மகன் தேஜ் சிங் புந்தேல்கண்டிலிருந்து வந்து பொறுப்பேற்றார். தேஜ் சிங்கைச் சொல்லிச் சொல்லி நம் மக்கள் தேசிங்கு ஆக்கிக்கொண்டார்கள்.

பிறகு நடந்தது கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பாக்கி கேட்டார், இவர் தரமாட்டேன் என்றார். 1714 அக்டோபரில் சண்டை. நண்பன் மகபத் கானும் விழுந்தான், தேசிங்கும் விழுந்தார். வயது இருபத்திரண்டு என்கிறார்கள். ஒரு வருஷம்கூட ஆளவில்லை. அவருடைய இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாப் அமைத்த ஊர்தான் ராணிப்பேட்டை. தேசிங்கு பெயரைச் சொல்லிப் பாடும் கதைப்பாடலும் சினிமாவும் வந்தன. அந்தப் பெண்ணின் பெயரைத் தனியாக நினைவில் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? வகுப்பில் இந்த இடம் வரும்போதெல்லாம் முன் வரிசைப் பெண்பிள்ளைகள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

"அப்போ நாங்க தேசிங்கு வாரிசா டீச்சர்?" என்றான். அப்படிப் போடாதே என்றேன். கோட்டைக்கு ஒரு ராஜாதான். கூட வந்தவர்கள் குதிரைவீரர், காவல்காரர் என்று எத்தனையோ பேர். சண்டை முடிந்ததும் திரும்பிப் போகாமல் இங்கேயே நிலத்தையும் வேலையையும் தேடிக்கொண்டவர்களின் பிள்ளைகள்தான் பொந்தில்கள் என்பதே நம்பும்படி இருக்கிறது. முன்னூறு வருஷமாக இங்கே இருக்கிறீர்கள், அதைப் போட்டுக்கொள் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க ஆயா வீட்டுக்குள்ள ஒரு மாதிரி இந்தி பேசுவாங்க டீச்சர், நாங்கதான் சிரிப்போம்" என்றான்.

அந்த ஆயாவின் பேச்சை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

பத்திரிகையில் என்ன அச்சடிப்பது என்பதை அவன் வீட்டார் முடிவு செய்வார்கள். கல்யாணத்துக்கு நான் போகிறேன். அந்தப் பெரியவர் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து ஓர்ச்சாவைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன்.

உங்களில் பொந்தில் குடும்பத்துப் பிள்ளைகள் இருந்தால், வீட்டுப் பெட்டியில் பழைய பத்திரம், சன்னது, வாள், படம் எது இருந்தாலும் போட்டோ எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள். பாட்டி தாத்தா இருந்தால் அவர்களைப் பேசவிட்டு, போனில் பதிவு செய்யுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்